லினக்ஸிடமே கேளுங்கள்

திரையின் மூலையில் வைஃபை குறி முழுதாக எரிகிறது. 'இணைக்கப்பட்டது' என்ற எழுத்தும் தெரிகிறது. ஆனால் உலாவியில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இந்த நேரத்தில் பெரும்பாலோர் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுவார்கள். அப்படியும் வராவிட்டால் கணினியை அணைத்துப் போடுவார்கள். பல சமயம் அது பலிக்கவும் செய்யும். ஏன் பலித்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்தக் குறி பொய் சொல்லவில்லை. கணினியும் ரவுட்டரும் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டன என்ற ஒரு சேதியை மட்டும் அது சொல்கிறது. அங்கிருந்து இணையம் போய்ச்சேர, கணினிக்கு இன்னும் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். என் முகவரி என்ன? என்னோடு ஒரே வலையில் இருப்பவர்கள் யார்? வலைக்கு வெளியே போகவேண்டியதை யாரிடம் ஒப்படைப்பது? ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித்தருவது யார்? ஐபி முகவரி, நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என்று கணினிக்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். நெட்வொர்க் அமைப்பது என்ற வேலை முழுவதும் இந்த நான்கு பதில்களைக் கணினிக்குக் கொடுப்பதில் அடங்கிவிடும்.

எல்லா இயங்குதளங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்ற கட்டற்ற இயங்குதளங்களில் ஒரு வசதி உண்டு. அந்தப் பதில்கள் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருக்கும், எவரும் திறந்து படிக்கலாம். இந்த நொடியில் கணினி எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் ஒரே வரிக் கட்டளையில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். எடுத்துக்காட்டுக்கு இங்கே டெபியனை வைத்துக்கொள்கிறேன். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய இந்த லினக்ஸ் வகையின் மேல்தான் உபுண்டு எழுந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கும் இதுவே அடித்தளம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் 'ஐபி லிங்க்' என்று தட்டுங்கள். கணினியில் உள்ள நெட்வொர்க் கார்டுகளின் பட்டியல் வரும். முதல் வரியில் 'எல்ஓ' என்று ஒன்று இருக்கும். அது உண்மையான கார்டு இல்லை. கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ள வைத்திருக்கும் வழி அது, அதன் முகவரி 127.0.0.1. இந்த ஒரு காரியத்துக்காக 127 என்று தொடங்கும் சுமார் 1.68 கோடி முகவரிகளையும் ஒதுக்கிவைத்தார்கள். முகவரிப் பஞ்சம் வரும் என்று அந்தக் காலத்தில் யார் நினைத்தார்கள்! லினக்ஸில் 127.5.6.7 என்று எதையாவது அழைத்துப் பாருங்கள், உங்கள் கணினியே பதில் சொல்லும்.

அடுத்த வரிகளில் 'இஎன்பி3எஸ்0', 'டபிள்யூஎல்பி2எஸ்0' என்பது போன்ற விநோதப் பெயர்கள் வரும். பழைய ஆட்களுக்கு இவற்றைக் கண்டாலே எரிச்சல். முன்பெல்லாம் கேபிள் கார்டு என்றால் 'ஈத்0', இரண்டாவது இருந்தால் 'ஈத்1', அவ்வளவுதான். ஆனால் அந்த எண், கணினி எழும்போது எந்த கார்டு முதலில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு கார்டு உள்ள கணினியை மறுபடி இயக்கும்போது வரிசை மாறிப்போகலாம். அந்தக் கணினி ஓர் அலுவலகத்துக்குத் தீச்சுவராக, அதாவது ஃபயர்வாலாக இருந்தால், உள்பக்கம் வெளிப்பக்கமாகிவிடும். இதைத் தவிர்க்கத்தான், லினக்ஸ் எழும்போது பணிகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் 2013இல் புதிய பெயர்முறையைக் கொண்டுவந்தது. 'இஎன்' என்றால் ஈதர்நெட், 'பி3' என்றால் மூன்றாம் எண் பிசிஐ பஸ், 'எஸ்0' என்றால் அதில் பூஜ்ஜியமாவது இடம். பார்க்க அழகில்லை, ஆனால் கார்டு எங்கே செருகப்பட்டிருக்கிறதோ அதையே பெயர் சொல்வதால் எளிதில் மாறாது. பிஎஸ்டி குடும்பத்தில் வேறு வழி. அங்கே டிரைவரின் பெயரே கார்டின் பெயர்: இன்டெல் கார்டு 'இஎம்0', ரியல்டெக் கார்டு 'ஆர்இ0'. அந்தப் பெயரைக் கொடுத்துக் கையேட்டைத் திறந்தால் அந்தக் கார்டைப் பற்றிய பக்கமே வரும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

'நோ-கேரியர்' என்ற சொல் 'ஐபி லிங்க்' காட்டும் கேபிள் கார்டின் வரியில் தென்பட்டால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது மறுமுனையில் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது.

வைஃபை கார்டு பட்டியலிலேயே இல்லை என்றால் அது வேறு கதை. பெரும்பாலான வைஃபை கார்டுகளுக்குள் ஒரு சிறு செயலி இருக்கிறது. அதற்கான ஃபர்ம்வேரை இயங்குதளம்தான் ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட வேண்டும். தயாரிப்பாளர்கள் அதை மூலநிரல் இல்லாமல், மூடிய கோப்பாகத்தான் தருகிறார்கள். கட்டற்ற மென்பொருள் தவிர வேறெதையும் தன் வட்டில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையால் டெபியன் அதை வெளியே வைத்திருந்தது. விளைவு என்ன? புதிதாக டெபியன் நிறுவுகிறவருக்கு வைஃபை வராது. வைஃபை வர ஃபர்ம்வேரைப் பதிவிறக்க வேண்டும். பதிவிறக்க இணையம் வேண்டும்! 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் இந்தக் கோப்புகள் நிறுவல் வட்டிலேயே இருக்கின்றன. கொள்கைப்பற்றாளர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. இணையமே வராத கணினியில் யாருக்கும் எந்தச் சுதந்திரமும் வந்துவிடாது என்பது என் கட்சி.

இனி முகவரி. 'ஐபி அட்ரஸ்' என்று தட்டினால் கார்டின் பெயருக்குக் கீழே 192.168.1.10/24 என்பது போல ஒன்று வரும். இந்தச் சின்ன வரிக்குள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. சாய்வுக்கோட்டுக்கு முன்னால் இருப்பது முகவரி. அது 32 பிட் எண், நாம் படிக்க வசதியாக எட்டெட்டு பிட்டாகப் பிரித்து நான்கு துண்டாக எழுதுகிறோம். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட ஆவணம் வகுத்த முறை இது. 32 பிட் என்றால் சுமார் 429 கோடி முகவரிகள். அன்றைக்கு அது அள்ள அள்ளக் குறையாத எண்ணிக்கை. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோயிற்று.

சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் உள்ள 24ஐத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது இந்த 24ஆகத்தான் இருக்க வேண்டும். முகவரியின் முதல் 24 பிட் வலையைக் குறிக்கிறது, மீதி 8 பிட் அந்த வலையில் உள்ள கணினியைக் குறிக்கிறது என்பது அதன் பொருள். பழைய பாணியில் இதையே 255.255.255.0 என்று எழுதுவார்கள். எட்டு பிட்டில் 256 எண்கள் கிடைக்கும். முதல் எண் வலைக்கே பெயர், கடைசி எண் எல்லோரையும் ஒருசேர அழைப்பதற்கு. மீதி 254 கணினிகளுக்கு.

ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தை அனுப்பும் முன்பும் கணினி இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. போகவேண்டிய முகவரியின் முதல் 24 பிட் என்னுடையதோடு ஒத்திருக்கிறதா? ஒத்திருந்தால் உள்ளூர், இல்லையென்றால் வெளியூர். உள்ளூர்க் கடிதத்தை நாமே நடந்துபோய்க் கொடுத்துவிடுவோம், வெளியூர்க் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுவோம் அல்லவா, அதுபோலத்தான். உள்ளூர் என்று முடிவானால் கணினி தன் வலை முழுவதும் கேட்கும்படி ஒரு கேள்வியை வீசும்: "192.168.1.20 யாரிடம் இருக்கிறது?" உரியவர் தன் கார்டின் 48 பிட் மேக் முகவரியைச் சொல்வார். 1982இல் டேவிட் பிளம்மர் எழுதிய இந்த ஏஆர்பி முறை இன்றும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பதில் சொல்பவர் உண்மையில் உரியவர்தானா என்று சரிபார்க்கும் வழி எதுவும் அதில் இல்லை. ஒரே வலையில் இருக்கும் திருட்டுக் கணினி ஒன்று இடையில் புகுந்து 'நான்தான் அது' என்று சொன்னால் கேட்ட கணினி நம்பிவிடும். பொது இடத்து வைஃபையைப் பற்றிப் பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யார் யார் என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதை 'ஐபி நெய்பர்' கட்டளையில் பார்க்கலாம்.

வெளியூர் என்று முடிவானால்? பொட்டலத்தைக் கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். இங்கே நுட்பமான ஒரு சங்கதி இருக்கிறது. பொட்டலத்தின் மேல் எழுதிய ஐபி முகவரியைக் கணினி மாற்றுவதில்லை. தொலைதூரத் தளத்தின் முகவரி அப்படியே இருக்கும். மேலே இன்னொரு உறை போட்டு, அந்த உறையில் கேட்வேயின் மேக் முகவரியை எழுதி அனுப்புகிறது. கேட்வே அந்த உறையைக் கிழித்துவிட்டு, அடுத்த ரவுட்டருக்கான புதிய உறையைப் போடுகிறது. மேக் முகவரி எப்போதும் அடுத்த எட்டுக்கு மட்டும், பெறுநரின் ஐபி முகவரி கடைசி வரைக்கும். ஆகவே கேட்வே என்பது உங்கள் சொந்த வலைக்குள்ளேயே இருக்கும் முகவரியாக இருந்தாக வேண்டும். 192.168.1 வலையில் இருந்துகொண்டு 192.168.2.1ஐக் கேட்வே என்று கொடுத்தால் லினக்ஸ் 'நெக்ஸ்ட்ஹாப் ஹேஸ் இன்வேலிட் கேட்வே' என்று முகத்திலடித்தாற்போல மறுத்துவிடும். காரணம் தெரியாதவருக்கு அது புரியாத வசை, தெரிந்தவருக்கு அது துல்லியமான விடை.

நெட்மாஸ்க் தவறினால் வரும் கோளாறுதான் ஆளைக் குழப்புவதில் முதலிடம். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கு 10.1.1 வலை, அச்சுப் பிரிவுக்கு 10.1.2 வலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே ரவுட்டர். கணக்குப் பிரிவின் ஒரு கணினியில் 24க்குப் பதிலாக 16 என்று யாரோ தட்டிவிட்டார்கள். இணையம் நன்றாக வரும். பக்கத்து மேசைக் கணினியும் கிடைக்கும். அச்சுப் பிரிவில் இருக்கும் 10.1.2.20 பிரிண்டர் மட்டும் கிடைக்காது. ஏனென்றால் முதல் 16 பிட் ஒன்றாக இருப்பதால் பிரிண்டரை உள்ளூர் என்று அந்தக் கணினி நினைத்துக்கொண்டது. ரவுட்டரிடம் கொடுக்காமல் தன் வலையிலேயே அதன் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரோ சுவருக்கு அந்தப் பக்கம். பிரிண்டரைப் பிரித்துப் பார்ப்பார்கள், கேபிளை மாற்றுவார்கள், இங்க்கைக்கூட மாற்றுவார்கள். கோளாறோ ஒரு எண்ணில்.

192.168 என்று தொடங்கும் முகவரி உங்கள் வீட்டிலும் இருக்கிறது, எதிர்வீட்டிலும் இருக்கிறது. 1994இல் மூன்று முகவரித் தொகுப்புகளைத் தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கினார்கள்: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168. இவை இணையத்தில் செல்லாது, வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியே போகும்போது ரவுட்டர் அனுப்புநர் இடத்தில் தன் பொது முகவரியை எழுதி அனுப்பி, பதில் வந்ததும் உரியவருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இப்போது பல இணையச் சேவை நிறுவனங்கள் ரவுட்டருக்கே பொது முகவரி தருவதில்லை. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால், நிறுவனத்துக்குள் இன்னொரு அடுக்கு மாற்றம் நடக்கிறது என்று பொருள். 2012இல் அதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. வீட்டிலேயே ஒரு வெப் சர்வர் வைத்து வெளியுலகுக்குத் திறந்துவிடலாம் என்ற ஆசையோடு இரவெல்லாம் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. 128 பிட் முகவரி கொண்ட ஐபிவி6 வந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது, பெரும்பாலும் கைபேசி நிறுவனங்களின் புண்ணியத்தில். அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கான பதிலை 'ஐபி ரூட்' காட்டும். 'டிஃபால்ட் வயா 192.168.1.1' என்று ஒரு வரி இருக்கும். வேறெந்த வழியும் பொருந்தாவிட்டால் இங்கே கொடு என்று அர்த்தம். கேட்வே .1இல்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை, வழக்கம்தான். பல வழிகள் பொருந்தினால் எதில் அதிக பிட்கள் ஒத்துப்போகின்றனவோ அதுவே வெல்லும். இந்த விதியை வைத்து, கணினியின் போக்குவரத்தைத் தங்கள் வழியே திருப்பும் விபிஎன் மென்பொருள்கள் சில ஒரு சாமர்த்தியம் செய்கின்றன. ஏற்கெனவே உள்ள டிஃபால்ட் வழியைத் தொடாமல், உலகத்தை 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டு பாதியாக்கி, இரண்டுக்கும் தங்களை வழியாகப் போட்டுக்கொள்கின்றன. ஒரு பிட் பொருத்தம் பூஜ்ஜியப் பொருத்தத்தை விட அதிகம், எனவே எல்லாப் போக்குவரத்தும் விபிஎன் பக்கம் போய்விடும். விபிஎன்னை நிறுத்தியதும் பழைய வழி தானாக மீண்டுவிடும்.

கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் இரண்டு டிஃபால்ட் வரிகள் தெரியும். பின்னால் 'மெட்ரிக்' என்று ஓர் எண் இருக்கும், சிறியதே வெல்லும். இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று கொடுப்பதால் கேபிள் முந்திக்கொள்கிறது. எந்த வழி வெல்லும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'ஐபி ரூட் கெட் 8.8.8.8' என்று கேட்டால், அந்த முகவரிக்குப் பொட்டலம் அனுப்புவதாக இருந்தால் எந்த கார்டு வழியாக, எந்தக் கேட்வேக்கு, எந்த முகவரியைத் தன்னுடையது என்று எழுதி அனுப்புவேன் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலே சொல்லிவிடும். இவ்வளவு பயனுள்ள கட்டளையை இவ்வளவு பேர் அறியாமல் இருப்பது ஆச்சரியம்.

இத்தனை எண்களையும் நாம் யாரும் கையால் தட்டுவதில்லையே என்று கேட்கலாம். டிஹெச்சிபி என்ற முறை பார்த்துக்கொள்கிறது. முகவரியே இல்லாத கணினி எப்படி முகவரி கேட்கும் என்பது இதில் உள்ள சுவையான புதிர். 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து, 255.255.255.255 என்ற எல்லோருக்குமான முகவரிக்கு, யாராவது முகவரி தருவீர்களா என்று அது கேட்கிறது. ரவுட்டர் ஒன்றைத் தர முன்வருகிறது. கணினி அதையே எடுத்துக்கொள்வதாக மறுபடியும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறது, ஏனென்றால் வேறு யாராவது தர முன்வந்திருந்தால் அவர்கள் தங்கள் முகவரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமே. கடைசியில் ரவுட்டர் உறுதி செய்கிறது. நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் மூன்றும் கூடவே வந்துவிடும். முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குத்தான். குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கேட்கும்.

யாருமே பதில் சொல்லாவிட்டால் பல கணினிகள் 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தாங்களே சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால் கோளாறு உங்கள் கணினியில் இருக்க வாய்ப்புக் குறைவு, டிஹெச்சிபி தருபவரிடம்தான் பார்க்க வேண்டும். இதற்கு எதிர்மாறான கோளாறும் உண்டு. யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அலுவலக ஸ்விட்ச்சில் செருகிவிடுவார். இப்போது முகவரி தர இரண்டு பேர். யார் முந்துகிறார்களோ அவர்கள் தருவதைக் கணினிகள் வாங்கிக்கொள்ளும். பாதிப் பேருக்கு இணையம் வரும், பாதிப் பேருக்கு வராது, யாருக்கு எப்போது என்று சொல்லவும் முடியாது.

பிரிண்டர், சர்வர் போன்றவற்றுக்கு மாறாத முகவரி தேவை. அதைக் கையால் கொடுக்கும்போது ரவுட்டர் வழங்கும் எண்களின் எல்லைக்கு வெளியே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே எண்ணை ரவுட்டர் வேறொருவருக்கும் கொடுத்துவிடும். அதைவிடச் சுலபம், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண் என்று ரவுட்டரிலேயே பதிந்துவிடுவது.

நான்காவது கேள்வி பெயர். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது நகலெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயர்ப் பட்டியலை உலகெங்கும் பிரித்துவைக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். பழைய கோப்பின் வாரிசு உங்கள் லினக்ஸில் இன்னும் இருக்கிறது. 'இடிசி' கோப்புறையில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில். வழக்கமான அமைப்பில் டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கணினி இதைத்தான் முதலில் புரட்டுகிறது. நான்கைந்து கணினிகள் உள்ள வீட்டுக்கோ பள்ளி ஆய்வகத்துக்கோ இந்தக் கோப்பே போதும், தனி டிஎன்எஸ் எதுவும் வேண்டாம்.

வெளி டிஎன்எஸ் யார் என்பது அதே கோப்புறையில் 'ரிசால்வ்.கான்ஃப்' என்ற கோப்பில் இருக்கும். 'நேம்சர்வர்' என்று தொடங்கும் வரிகள், அதிகபட்சம் மூன்று. முதலாமவர் பதில் தராவிட்டால் ஐந்து நொடி காத்திருந்து அடுத்தவரைக் கேட்கும். ஒவ்வொரு தளமும் திறக்க முதலில் சில நொடி தயங்கி, பிறகு மளமளவென்று வந்தால், இணையம் மெதுவாக இருக்கிறது என்று நிறுவனத்தைத் திட்டும் முன் முதல் வரியில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்.

இந்தக் கோப்பில்தான் லினக்ஸின் உண்மையான சங்கடமும் தொடங்குகிறது. நீங்கள் அதைத் திருத்திச் சேமிக்கிறீர்கள். கணினியை மறுபடி இயக்கினால் நீங்கள் எழுதியது காணாமல் போயிருக்கிறது. டிஹெச்சிபி மென்பொருள் அதை எழுதும், நெட்வொர்க்மேனேஜர் எழுதும், விபிஎன் எழுதும். உபுண்டுவில் அந்தக் கோப்பைத் திறந்தால் நேம்சர்வராக 127.0.0.53 மட்டும் இருக்கும். அதாவது கணினிக்குள்ளேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டியிடம் கேள் என்று பொருள். உண்மையான டிஎன்எஸ் எது என்று அறிய 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று தனியே கேட்க வேண்டும். புதிதாக வருபவர்கள் நெட்வொர்க் கடினம் என்று சொல்லும்போது, பெரும்பாலும் கடினமாக இருப்பது நெட்வொர்க் இல்லை. ஒரே கோப்புக்கு நான்கு எஜமானர்கள் இருப்பதுதான்.

நிரந்தர அமைப்பை எங்கே எழுதுவது என்பதிலும் இதே கூட்டம். டெபியனின் பழைய முறையில் 'நெட்வொர்க்' கோப்புறையில் 'இன்டர்ஃபேசஸ்' என்ற கோப்பு, கார்டுக்கு மூன்று நான்கு வரிகள், எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியும். உபுண்டு 2017இல் நெட்பிளானுக்கு மாறியது. அதன் கோப்பில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு, ஓர் இடம் தள்ளிப்போனால் கோப்பே செல்லாது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர். டெர்மினலில் 'என்எம்டியுஐ' என்று தட்டினால் அதற்கு ஒரு மெனு திறக்கும், அம்புக்குறிகளாலேயே எல்லாம் செய்துவிடலாம். ஃப்ரீபிஎஸ்டியில் 'ஆர்சி.கான்ஃப்' கோப்பில் கார்டுக்கு ஒரு வரி. ஓபன்பிஎஸ்டியில் கார்டின் பெயரிலேயே ஒரு கோப்பு, உள்ளே பெரும்பாலும் ஒற்றை வரி, கேட்வேக்கு 'மைகேட்' என்று இன்னொரு கோப்பு. எது நல்லது என்று என்னைக் கேட்டால் சர்வருக்கு ஓபன்பிஎஸ்டி முறை, லேப்டாப்புக்கு நெட்வொர்க்மேனேஜர் என்பேன். எதுவாக இருந்தாலும் ஒரு கணினிக்கு ஒன்றுதான். இரண்டு மேலாளர்கள் ஒரே கார்டை ஆளத் தொடங்கினால் எந்த வல்லுநராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் 'இஃப்கான்ஃபிக்' என்ற கட்டளையைச் சொல்லும். 1983இல் பெர்க்லி யூனிக்ஸோடு வந்த அந்தக் கட்டளை பிஎஸ்டியில் இன்றும் செழிப்பாக இருக்கிறது. ஓபன்பிஎஸ்டியில் வைஃபைகூட அதிலேதான். லினக்ஸில் அதன் இடத்தை ரஷ்யரான அலெக்ஸி குஸ்நெட்சோவ் தொடங்கிய 'ஐபி' கட்டளை பிடித்துவிட்டது. 2017இல் வந்த டெபியன் 9 முதல் பழைய தொகுப்பு தானாக நிறுவப்படுவதில்லை. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் கணினியில் பழுது என்று நினைக்க வேண்டாம், நீங்கள் படித்த குறிப்பு பழையது.

'ஐபி' கட்டளையால் செய்யும் மாற்றங்கள் உடனே அமலுக்கு வரும், கணினியை மறுபடி இயக்கினால் மறைந்துவிடும். பலர் இதைக் குறை என்பார்கள். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பு கிடையாது. முகவரியை மாற்றிப் பாருங்கள், கேட்வேயை நீக்கிப் பாருங்கள், இணையம் அறுந்துபோவதைக் கண்ணால் பாருங்கள். மறுபடி இயக்கினால் பழையபடி வந்துவிடும். தொலைவில் இருக்கும் சர்வரில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிவிடுவீர்கள். அங்கே நெட்பிளான் இருந்தால் 'நெட்பிளான் ட்ரை' என்று ஒன்று உண்டு. புதிய அமைப்பைப் போட்டுவிட்டு, 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும்.

சோதிப்பதற்கு 'பிங்' இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் இருந்த மைக் மூஸ், 1983 டிசம்பரில் ஒரு நெட்வொர்க் கோளாறைத் துரத்தும்போது ஒரே இரவில் எழுதிய சிறு நிரல். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்குமே, அந்த ஓசையைத்தான் பெயராக வைத்தார். அதை வரிசைப்படி பயன்படுத்த வேண்டும். முதலில் கேட்வேயை அழையுங்கள். பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். பதில் வந்தால் பொது டிஎன்எஸ் ஒன்றின் முகவரியான 1.1.1.1ஐ அழையுங்கள். அது வராவிட்டால் ரவுட்டருக்கு அப்பால், நிறுவனத்தின் பக்கம். அதுவும் வந்தால் ஒரு தளத்தைப் பெயர் சொல்லி அழையுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் பெரும்பாலும் டிஎன்எஸ்தான் குற்றவாளி. வைஃபை குறி முழுதாக எரிந்தும் பக்கம் திறக்காத கணினிகளில் பலவற்றின் கதை இங்கேதான் முடியும். ஒரு எச்சரிக்கை: சில சர்வர்கள் பிங்குக்கு வேண்டுமென்றே பதில் தருவதில்லை. பதில் வராததால் அது செத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. இன்னொன்று, ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் கணினியின் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டுத் தாங்களே வேறொருவரைக் கேட்கக்கூடும். டெர்மினலில் வராத பெயர் உலாவியில் வந்தாலோ, உலாவியில் வராதது டெர்மினலில் வந்தாலோ அதையும் நினைவில் வையுங்கள்.

இணையம் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு நாளிலேயே 'ஐபி அட்ரஸ்', 'ஐபி ரூட்' இரண்டையும் தட்டி, வரும் வரிகளையும் ரிசால்வ்.கான்ஃபில் இருப்பதையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கோளாறு வரும் நாளில் இணையம் இருக்காது, இந்தக் கட்டுரையையும் தேடிப் படிக்க முடியாது. அந்தத் தாளோடு ஒப்பிட்டு, எந்த எண் மாறியிருக்கிறது என்று பாருங்கள்.